கிணற்றடியில் ஆண்டி

விளக்கைத் தணியுங்கள். அணைக்க வேண்டாம், தணித்தால் போதும். கதவோரம் இருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள்... அவ்வளவுதான். இது நம் செல்லசாமியின் பெரியம்மா மகன் லோஜனுக்கு நடந்தது. செல்லசாமி இதோ இருக்கிறான். நான் ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும் அவனே குறுக்கே பேசட்டும்.

மாலை ஆறு மணி இருக்கும். ஆனி மாதம். றொசல்ல ஸ்டேசனிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பாதை. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். பனி இறங்கிவிட்டால் எதிரே வருகிறவன் மேலே மோதினால்தான் ஆள் என்றே தெரியும். அந்த நேரத்தில் அங்கே யாரும் தனியாக ஏறுவதில்லை. லோஜன் ஏறினான். ஏறினான் என்ன, ஓடினான் என்றே சொல்லலாம். மூச்சு வாங்குகிறது, கால் சறுக்குகிறது, நிற்கவில்லை. கூட்டாளி ஆண்டியின் அம்மா வீட்டில் இருக்க வேண்டும்... அவன் மனதில் ஓடியது அது ஒன்றுதான்.

ஏன் அப்படி ஓடினான் என்பதற்கு, அன்று மத்தியானம் ஹற்றனில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. லோஜன் கொழும்பில் போன் திருத்தும் கடையில் வேலை. லீவில் ஊருக்கு வந்தவன் ஹற்றனில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு, றொசல்லைக்கு ரயில் பிடிக்கப் போனான். மழையால் ரயில் பிந்தும் என்றார்கள். பொழுது போக வேண்டுமே. முத்துலிங்கம் அண்ணரின் நெட் கஃபேக்குள் நுழைந்தான்.

முத்துலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். கந்தோர் உத்தியோகத்தை விட்டுவிட்டு ஹற்றனிலேயே தங்கி, பலகை தடுத்த சின்னச் சின்ன அறைகளில் கம்ப்யூட்டர் வைத்துப் பிழைத்தவர். லோஜனும் அவன் கூட்டாளி ஆண்டியப்பனும் ஒரு காலத்தில் அங்கேயே குடியிருந்தார்கள். 'கோட்டை' என்று ஒரு கேம். உலகமெல்லாம் இருந்து ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் விளையாடுவது. ஆளுக்கு ஓர் ஆளை உருவாக்கி, பேர் வைத்து, வாள் கொடுத்து, காடுமலை என்று திரிய வேண்டும். நாம் எழுந்து வீட்டுக்குப் போனாலும் அந்த ஊர் அங்கே நடந்துகொண்டே இருக்கும். லோஜனின் ஆளிடம் வாள், ஆண்டியின் ஆளிடம் வில். 'றொசல்ல ஆண்டி' என்று பேர் வைத்திருந்தான், கொழுப்பைப் பாருங்கள். அந்த ஊருக்குள் ஒரு பழைய கிணறு. முதலில் வருகிறவன் கிணற்றடியில் உட்கார்ந்து மற்றவனுக்குக் காத்திருப்பான்.

பிறகு, இதற்குச் சில வருசம் முந்தி, ஓர் ஆனி மழையில் மலை சரிந்தது. நிஜ மலை. தோட்டத்தாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயத்தின் கடைசிக் காம்பராக்கள் மண்ணுக்குள் போயின. காய்ச்சல் என்று ஆண்டி வீட்டில் படுத்திருந்தான். அவன் அம்மா அம்மாக்கண்ணு கொழுந்து பறிக்கப் போயிருந்தாள், அதனால் பிழைத்தாள். தோண்டினார்கள், தோண்டினார்கள்... ஆண்டி கிடைக்கவில்லை. மேலும் சரியும் என்று சொல்லித் தோண்டுவதையும் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சரிவில் இப்போது மானாப் புல்தான் நிற்கிறது.

அம்மாக்கண்ணு கருமாதி செய்ய மாட்டேன் என்றுவிட்டாள். "என் புள்ள ஒடம்ப காட்டுங்க, செய்யிறேன். காய்ச்சலோட டவுனுக்கு எறங்கி போனானோ என்னமோ. யாரு கண்டா?" எதிர்ப்பக்கம் புது வீடு கொடுத்தார்கள். அங்கே தனியாக இருந்தாள். லோஜன் லீவில் வரும்போதெல்லாம் அவன் முகத்தையே பார்ப்பாள், ஏதாவது சேதி கொண்டு வந்திருக்கிறானா என்று. அந்தப் பார்வைக்குப் பயந்தே அவன் லீவைக் குறைத்துக்கொண்டான். அந்தக் கோட்டை கேம் பக்கமும் போகவில்லை.

அன்று போனதற்கு ஒரு காரணம் உண்டு. கம்பெனிக்காரன் மெயில் அனுப்பியிருந்தான். கோட்டையை முழுக்க மாற்றிவிட்டோம், திரும்பி வாருங்கள், உங்கள் நண்பர்கள் காத்திருக்கிறார்கள்... எல்லாருக்கும் அனுப்புகிற மெயில்தான். லோஜனுக்கும் அது தெரியும்.

உள்ளே போனால் எல்லாம் தலைகீழ். தன் ஆளைத் தனக்கே அடையாளம் தெரியவில்லை. பழைய தோல் சட்டை போய், கலியாண மாப்பிள்ளை மாதிரி ஜரிகை உடுப்பு. இரவிரவாக விழித்துச் சம்பாதித்த வாள், புதுக் கணக்கில் தேங்காய் உடைக்கக்கூட உதவாது. ஊர் இருந்த இடத்தில் ஊர் இல்லை. வானத்தில் மிதக்கிற ஏதோ பட்டணத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பழைய ஊர் எங்கே என்று அங்கே நின்ற ஒருவனிடம் எழுதிக் கேட்டான். அதை மண் போட்டு மூடியாயிற்று, யாரும் போக முடியாது என்று பதில் வந்தது.

லோஜன் விடவில்லை. கால் பழகிய பாதைதானே. பட்டணத்தை விட்டு இறங்கி, வடக்கே நடந்தான். கொஞ்ச தூரத்தில் வீடுகள் நின்றுபோயின. மரங்கள் நின்றுபோயின. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் பாட்டு நின்றது. திரையெல்லாம் பனி... அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

தகரத்தில் மழை விழும் சத்தம். லயத்துக் கூரையில் விழுமே, அதே சத்தம். அந்த விளையாட்டில் தகரக் கூரை கிடையாது. லோஜன் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தான். ஹற்றனில் மழை விட்டிருந்தது. மறுபடி மாட்டினான். மழை... பச்சை மண் வாடையும் வந்த மாதிரி இருந்தது. பலகை அறைக்குள் அது எங்கிருந்து வரும்?

பனி விலகியது. கிணறு. கிணற்றடியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். எல்லாருக்கும் உடுப்பு மாறிவிட்ட அந்த உலகத்தில் அவன் மட்டும் பழைய தோல் சட்டையில். தலைக்கு மேலே பேர். றொசல்ல ஆண்டி.

லோஜனுக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோசம். ஆண்டியின் கடவுச்சொல் ஆண்டியைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்படியென்றால் உயிரோடு இருக்கிறான், எங்கோ ஒரு நெட் கஃபேயில் உட்கார்ந்திருக்கிறான். இந்தச் சேதியை அம்மாக்கண்ணுவிடம் கொண்டுபோனால்... உடனே எழுதினான்.

"டேய் ஆண்டி, நீயாடா? எங்கடா இருக்க?"

மழைச் சத்தம் மட்டும். பிறகு எழுத்து வந்தது.

"வீட்டுல தான்."

லோஜன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வரி வந்தது.

"அம்மா இன்னும் வரல்ல."

இப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் நம் ஆட்களுக்கு வாசல் தாண்டும்போது சொல்லிப் பழகிய ஒரு வார்த்தை இருக்கிறதே, அது வாயைவிட விரலில் வேகமாக வந்துவிட்டது. "சரிடா, ரயிலுக்கு நேரமாச்சு. போயிட்டு வர்றேன்," என்று எழுதிவிட்டான்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செத்த வீட்டிலிருந்து எழும்புகிறவன் அப்படிச் சொல்வானா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாய் திறக்காமல், திரும்பிப் பாராமல் நடப்பான். செத்தவனிடம் 'வருகிறேன்' என்று சொன்னால், அது சொன்ன சொல். அவன் காத்திருப்பான்.

ஆண்டியின் பதில் உடனே வந்தது.

"வரப்ப அம்மாவ கூட்டிட்டு வா."

லோஜன் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. வாசலில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த முத்துலிங்கம் கண்ணாடியை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தார்.

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி வாறீர்?"

"ஒன்னுமில்ல அண்ணே. கேம்ல... கூட்டாளி ஒருத்தன் கூட பேசிக்கிட்டு இருந்தேன்."

"ஆரோட? நீர் வந்து இருந்த கொஞ்ச நேரத்திலயே இன்டர்நெட் லைன் அறுந்து போச்சுதெல்லோ. நான் அப்பவே வந்து சொல்ல, நீர் காதில அதை மாட்டிக்கொண்டு இருந்தனீர். சரி, தானா எழும்பி வருவீர் எண்டு விட்டிட்டன்."

லோஜன் ஸ்டேசனுக்கு நடந்தான். வந்த ரயிலில் ஏறினான், றொசல்லையில் இறங்கினான், ஓடினான். இப்போது தெரிகிறதா? அவன் உயிருக்குப் பயந்து ஓடவில்லை. பிள்ளைக்குக் காத்திருக்கிற ஒரு தாயை வரச் சொல்லி ஆள் அனுப்பியாயிற்று. அந்த ஆள் தானேதான். ஆண்டி அவளைத் தானாகவே அழைத்துக்கொள்வதற்குள் அவள் கையைப் பிடித்துவிட வேண்டும்.

பாதை இரண்டாகப் பிரியும் இடம். மேலே போனால் புது வீடுகள். இடது பக்கம் திரும்பினால் பழைய லயம் இருந்த சரிவு. அங்கே அவன் கால் நின்றது. பனிக்குள் யாரோ இறங்கி வருகிறார்கள். செருப்புச் சத்தம்... சளக், சளக்.

அம்மாக்கண்ணு. தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். பெட்டிக்குள் இருந்த சேலையை எடுத்து உடுத்தியிருந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது, குடையை மடக்கிக் கையில் வைத்திருந்தாள். கோயிலுக்குப் போகிற மாதிரி ஒரு முகம். அவ்வளவு வருசமாக அந்த முகத்தில் இல்லாத தெளிவு.

"லோஜாவா? நேரத்தோட வந்துட்டியே. வா, போவம்."

"எங்க சின்னம்மா போறீங்க?" கூட்டாளியின் தாயை அவன் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவான்.

"ஆண்டி வர சொன்னான். மத்தியானம் மலையில நிக்கிறப்ப காதுக்குள்ள கேட்டுச்சு. லோஜன் வருவான், அவன்கூட வான்னான்."

லோஜன் அவள் கையைப் பிடித்தான். ஐஸ் மாதிரி இருந்தது. "அப்பிடி ஒன்னுமில்ல சின்னம்மா. வாங்க, வீட்டுக்கு போவம்," என்றான்.

"பொய் சொல்லாத. போயிட்டு வர்றேன்னு அவன்கிட்ட சொல்லிட்டு தான வந்த."

அப்படியே அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டான் லோஜன். அழுதான். பயத்தில் பாதி, பாரம் தாங்காமல் பாதி. நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டான். பனி... கிணறு... பழைய சட்டை... மழைச் சத்தம். அம்மாக்கண்ணு நின்றபடியே கேட்டாள். சரிவின் பக்கமிருந்து புல் உரசும் சத்தம் வந்துகொண்டிருந்தது, காற்று இல்லை.

"எங்க இருக்கேன்னு சொன்னான்?"

"வீட்டுல தான்னான், சின்னம்மா."

"புது வீடு அவனுக்கு தெரியாதே." சரிவின் பக்கம் திரும்பினாள். "அவன் போன பொறகு தான அத குடுத்தாங்க. அவனுக்கு தெரிஞ்சது அந்த ஒரு வீடு தான்..."

டவுனுக்கு இறங்கிப் போயிருப்பான் என்று இத்தனை காலம் நம்பியவள். குடை கையிலிருந்து விழுந்தது. அந்த ஒப்பாரி புது வீடுகள் வரைக்கும் கேட்டது, ஆட்கள் டோர்ச் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அழுது முடித்து அவள் சொன்னது ஒன்றுதான்.

"நாளைக்கே செஞ்சிருவம். என் புள்ள இன்னும் மண்ணுக்குள்ள கெடந்து என்னைய பாத்துக்கிட்டு இருக்க வேணாம்."

செய்தார்கள். உடம்பு இல்லாவிட்டால் புல்லில் ஆள் செய்ய வேண்டும். தர்ப்பைக்கு எங்கே போவது? சரிவில் நின்ற மானாப் புல்லை அறுத்து வந்து கையும் காலும் தலையுமாகக் கட்டினார்கள். வேர் மண்ணோடு வந்தது, வீடெல்லாம் அந்தப் புல் வாசம். வேட்டி சுற்றி, பொட்டு வைத்து, மயானத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் பண்ணினார்கள். லோஜன்தான் கூடப் பிறந்தவன் இடத்தில் நின்று எல்லாம் செய்தான். அவனுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று. இனி ஆண்டிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, அம்மாவைக் கேட்க வேண்டியதில்லை.

திரும்பி வந்து குளித்து, பச்சைத் தண்ணீர் குடித்து, ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. துண்டு உதறும் சத்தம், செருப்பைத் தேடும் சத்தம், அவ்வளவுதான். செல்லசாமியும் அங்கே இருந்தான், கேட்டுப் பாருங்கள். கடைசி ஆளும் படியிறங்கிப் பனிக்குள் போய்விட்டார். வாசல் காலி. உள்ளே அம்மாக்கண்ணு சுவரோடு சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பக்கத்தில் லோஜன். அடுப்படியில் செல்லசாமி.

அப்போது வாசலில் இருந்து ஒரு குரல். சத்தமாக இல்லை. காய்ச்சல்காரன் குரல் மாதிரி, கொஞ்சம் கம்மி.

"அம்மா, போயிட்டு வர்றேன்."

லோஜன் அவள் வாயைப் பொத்தக் கையை நீட்டினான். ஆனால் அவள் பெற்றவள். மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து காலையில் அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லியே பழகியவள். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"போயிட்டு வாப்பா," என்றாள்.