ஒரே பாயில் இரண்டு ஷிப்ட்

ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் இரண்டு இளைஞர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். பின்சீட்டில் நான் புத்தகம் படிப்பதாகப் பேர்.

"எங்க ரூம் முருகேசன்ட்ட ஃபேன் பேசுறது நின்னுட்டுலே," என்றான் திருநெல்வேலிக்காரன்.

நான் பக்கம் புரட்டுவதும் நின்றது.

"ஃபேன் பேசுச்சா? இன்னாடா சொல்ற?" என்றான் உள்ளூர்க்காரன்.

"யாரோ அதுக்குள்ள இருந்து மெரட்டுத மாரி அவனுக்குக் கேட்டுருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பாய். நைட் ஷிப்ட் முடிஞ்சு அவன் பகல்ல படுப்பான், ராத்திரி நான். கொஞ்ச நாளா நான் சுருட்டி வச்ச பாய் அப்படியே கெடந்துச்சு. ஏம்லே தூங்கலன்னு கேட்டேன், அழுதுட்டான். அன்னைக்கே மனநல டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிட்டேன்."

"இப்போ?"

"மாத்திரை கேக்குது. டாக்டர் நைட் ஷிப்ட் வேண்டாம்னுட்டாரு. இப்ப ராத்திரி அவன் பாயில கொறட்ட விடுதான், நான் தரையில கெடக்கேன்."

"இன்னொரு பாய் வாங்கித் தொலையேன்டா!"

"ஞாயித்துக்கெழம போறோம். கலரு அவன்தான் பாத்து எடுப்பானாம்."