மச்சானுக்குப் பதில் சொன்ன குரல்

காலை டீயை நிம்மதியாகக் குடிக்க ஆசைப்படுவது குற்றமில்லை. எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

என்னைப் போல வீட்டிலேயே கருவி வைத்துப் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? நான் பேசுவது கேட்கிறதா, நன்றாகக் கேட்கிறது, அங்கே மழையா. உலகத்தோடு பேச லைசென்ஸ் வாங்கிவிட்டு மழையைப் பற்றி விசாரிக்கும் ஜென்மங்கள். அரைத்த மாவையே அரைக்க மனுஷன் எதற்கு? என் குரலைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கி, கூப்பிடுபவர்களோடு அதையே பேசவிட்டேன். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் முன்பைவிட அன்பாகப் பேசுகிறேன் என்று பாராட்டு வேறு.

அவர்களில் என் மனைவியின் அண்ணனும் ஒருவர். பக்கத்து ஊரில் தனியாக இருந்தார். வயிற்று உப்புசம் முதல் குழாய் ஒழுகுவது வரை ரேடியோவில் என்னிடம் ஒப்பித்தால்தான் அவருக்குப் பொழுது விடியும்.

அன்று குளியலறையில் விழுந்து, தவழ்ந்து வந்து மைக்கைப் பிடித்திருக்கிறார். போன் மாடியில் இருந்ததாம்.

"மாப்ள, நெஞ்சு வலிக்குது. எந்திரிக்க முடியல. யாரையாச்சும் அனுப்பு."

"தைரியமா இருங்க மச்சான். நான் பாத்துக்கறேன்" என்றது கம்ப்யூட்டர், என் குரலில்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்தில் கூப்பிடுபவருக்கு ஒருவர் பொறுப்பேற்றுவிட்டால் மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. அதே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டார்கள்.

நான் அதே அறையில்தான் இருந்தேன். மைக்கை எடுத்திருந்தால் ஒரே குரல் இரண்டாகக் கேட்டு என் குட்டு உடைந்திருக்கும். அந்த மழைக் கும்பல் என்னைப் பார்த்துச் சிரிப்பதா? ஆம்புலன்சுக்கு போன் செய்திருக்கலாமே என்கிறீர்கள். செய்திருக்கலாம், அதில் குட்டு உடையாது. ஆனால் உருப்படியான ஒரு பேச்சு கம்ப்யூட்டருக்கு வாய்த்தது அன்றுதான். எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்க ஆசையாக இருந்தது. அவர் மூச்சு நிற்கும்வரை கேட்டேன். கம்ப்யூட்டர் ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை.

உதவி அனுப்பியும் தாமதமாகிவிட்டது என்று அவர் மகளிடம் சொன்னேன். நம்பினாள்.

"கடைசி வரைக்கும் நீங்க பேசிட்டே இருந்தீங்களாம் மாமா. அப்பா தனியா போகல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ரேடியோ நண்பர்கள் வரிசையாக ரேடியோவிலேயே கூப்பிட்டுத் துக்கம் விசாரித்தார்கள். அதற்கும் கம்ப்யூட்டரையே விட்டேன். குரல் தழுதழுக்க அது பேசியதைக் கேட்டபோதுதான், மச்சான்மேல் நான் எவ்வளவு பாசம் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரிந்தது.