ஈக்கு ஐஸ்

மத்தியான வெயில், மணலி புதுநகர் பஸ்ஸு. காசிமேட்டுல ஏறின மீன்காரம்மா ஐஸ் பெட்டிய காலடியில வச்சிருந்தாங்க. பக்கத்துல காலேஜ் லேப்ல வேலை செய்ற ஒருத்தர். அவர் மடியில, வாயில பஞ்சு அடைச்ச பாட்டிலு. நான் பின் சீட்டு.

"யக்கா, இத்த உன் பெட்டி மேல வச்சிக்கவா?"

"இன்னா நைனா அது?"

"பழத்து ஈ, யக்கா."

"காலையிலேந்து ஈய ஓட்டியே எனக்கு கை வுட்டுப்போச்சு. நீ அதுக்கு ஐஸ் கேக்குறியா?"

"லேப்ல ஏசி கெட்டுப்பூட்ச்சுக்கா. சூடு ஏறுனா இதுங்க உடம்புல ஒரு ஹார்மோன் எகிறிடும், முட்டை வைக்காது. எங்க மேடம் ஆராய்ச்சிக்குன்னு ரெண்டு வருசமா வளக்குற வம்சம், மிச்சம் இந்த ஒரு பாட்டிலுதான். அவங்க வூட்டு ஏசிக்கு எடுத்துகினு போறேன்."

"குளுந்தா வைக்குமா?"

"வைக்கும்கா."

"அப்ப வை. வயித்துல முட்டையோட வெயில்ல வந்துகினு கீதுங்க, பாவம்."

அந்தம்மாவே பாட்டில வாங்கி பெட்டி மேல வச்சு, விழாம புடிச்சிக்கினாங்க.

திருவொத்தியூர் தாண்டினதும் பெட்டி ஓரத்துல ஒரு ஈ குந்துச்சு. அந்தம்மா ஓங்கின கைய நிறுத்தினாங்க.

"நைனா, இது உன்னுதா?"

அவர் பஞ்ச தொட்டுப் பாத்தாரு. "இல்லக்கா."

பட்டுன்னு ஒரு அடி.