ஆள் உட்கார்ந்தால்தான் ஓடும் வண்டி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் ஆகியவற்றை முதல் தாளில் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது அறுபத்து மூன்று. முப்பத்தெட்டு வருடம் தையல் மிஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். கடையை மூடி நான்கு வருடம் ஆகிறது. என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மிஷினில் நூல் சுற்றுகிற பாபின்தான் என் பட்டப்பெயர், அதைச் சொல்லிக் கேட்டால் தெருமுனையிலேயே வீட்டைக் காட்டுவார்கள். இன்று என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாகவே காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்துக்கு வந்து, பதினொரு வருடங்களுக்கு முன் நடந்த ஒரு மரணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றேன். அதன் பேரில் ஆய்வாளர் கேட்க, எழுத்தர் எழுத, இதைச் சொல்கிறேன்.

பழைய தோட்ட டிராக்டர்களை வாங்கிச் சரிசெய்து வைப்பது என் பொழுதுபோக்கு. வயல் உழுகிற பெரிய டிராக்டர் அல்ல, புல் வெட்டவும் சின்ன டிரெய்லர் இழுக்கவும் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற இடுப்புயர வண்டி. வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் அப்படி ஏழு வண்டிகள் நிற்கின்றன. ஏழும் ஓடும். எனக்கு ஏழு சக்களத்திகள் என்று என் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். இதே கிறுக்குப் பிடித்தவர்கள் முப்பது பேர் வரை இருக்கிறோம். வருடத்துக்கு ஒரு தடவை ஒரு மைதானத்தில் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒருவர் வண்டியை மற்றவர் மனசார நொட்டை சொல்லிவிட்டுக் கலைவோம்.

இந்த வண்டிகளில் ஓட்டுபவர் இருக்கைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சுவிட்சும் உண்டு. ஆள் உட்கார்ந்தால் பாரத்தில் ஸ்பிரிங் அமுங்கி, சுவிட்சில் இரண்டு கம்பிகளும் சேர்ந்து எஞ்சின் ஓடும். ஆள் எழுந்தாலோ விழுந்தாலோ ஸ்பிரிங் மேலே வந்து, கம்பிகள் பிரிந்து எஞ்சின் நின்றுவிடும். ஆய்வாளர் கேட்டதால் இதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாமே இதில்தான் இருக்கிறது.

ஐந்து மாதங்களுக்கு முன் எட்டாவதாக ஒரு வண்டி கிடைத்தது. பக்கத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கும் அம்மாள் ஒருவர், பதினொரு வருடமாகப் பூட்டிக் கிடந்த ஷெட்டைத் திறந்து அதைக் காட்டினார். அவருடைய கணவர் அந்த வண்டியில்தான் இறந்தார் என்று மட்டும் சொன்னார். எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விற்க மாட்டாரோ என்ற பயம்தான் காரணம். எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் அந்தப் புத்தி உண்டு. அதன் பிறகு வண்டியை லாரியில் ஏற்றி என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாள் முதல் பிரிக்க ஆரம்பித்தேன். கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் வரிசை எண் போட்டுப் பழைய பிஸ்கட் டப்பாக்களில் வைப்பது என் வழக்கம். மூன்றாம் நாள் இருக்கையைக் கழற்றினேன். சுவிட்சுக்குப் போகிற இரண்டு கம்பிகளையும் யாரோ வெட்டி, ஒன்றோடொன்று முறுக்கி இணைத்திருந்தார்கள். அதாவது ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எஞ்சின் நிற்காது. முறுக்கின் மேல் வெள்ளைத் தையல் நூலை நெருக்கமாகச் சுற்றி, அதன் மேல் மெழுகு உருக்கி விட்டிருந்தது. எந்த எலெக்ட்ரீஷியனும் கம்பிக்குத் தையல் நூல் சுற்ற மாட்டான். நூல் சுற்றியிருந்த திசையும் வழக்கத்துக்கு மாறாக இருந்தது. நான் இடது கைக்காரன். அது என் கைவேலை.

அந்த வேலையை எங்கே செய்தேன் என்று யோசித்தபோது நினைவு வந்தது. பதினாலு பதினைந்து வருடத்துக்கு முன் வருடாந்திரக் கூட்டத்தில், சரிவான தோட்டம் வைத்திருந்த ஒருவர், மேட்டுப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாலே எஞ்சின் பொசுக்கென்று நின்று உயிரை வாங்குகிறது என்றார். கால் மணி நேரத்தில் கம்பிகளை இணைத்துக் கொடுத்தேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு முயன்றும் டீ கிளாஸைப் பிடித்திருந்த கை மட்டும்தான் வருகிறது. அப்படிச் செய்து கொடுப்பதை நாங்கள் யாரும் தப்பாக நினைத்ததில்லை, கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தோம்.

ஷெட் கதவை உள்பக்கம் தாழ் போட்டேன். கட்டிங் பிளேயரை எடுத்து அந்த இணைப்பை வெட்டி, கழிவு டப்பாவில் போட்டேன். அந்த வாரமே பழைய இரும்பு எடுப்பவர் டப்பாவோடு கொண்டுபோய்விட்டார். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அதன் பிறகு புதுக் கம்பி இழுத்து, புது சுவிட்சும் புது ஸ்பிரிங்கும் போட்டு, கம்பெனியில் இருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படிச் சரியாக மாட்டினேன். இதற்கு மேல் யாருக்கும் ஆபத்தில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஷெட்டைத் திறந்தபோது, இருக்கை கீழே அமுங்கி இருந்தது. மேலே எந்தப் பாரமும் இல்லை. ஸ்பிரிங் சொத்தை என்று நினைத்து வேறு போட்டேன். அதற்கு மறுநாளும் அமுங்கி இருந்தது. மூன்றாவதாகத் தடித்த ஸ்பிரிங் ஒன்றைப் போட்டேன், அதை என் இரண்டு கையாலும் அழுத்தினால்கூட முழுசாக அமுங்காது. அதுவும் காலையில் அமுங்கித்தான் இருந்தது. கழற்றி மேஜையில் வைத்தால் மூன்றும் நிமிர்ந்து நின்றன. என் மனைவி சாப்பிடக் கூப்பிட வந்தவள் வண்டியைப் பார்த்துவிட்டு, "இதுலதான் ஒரு ஆளு உக்காந்திருக்காரே, நீங்க எதுக்கு இங்கயே கெடக்குறீங்க?" என்றாள். வழக்கமான கேலிதான். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு முதல் தடவை எஞ்சினைக் கிளப்பினேன். என் கூட்டாளி, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், உடன் இருந்தார். வாய் ஓயாதவர் என்பதால் அவருக்கு எங்கள் கூட்டத்தில் சைலன்சர் என்று பெயர். நான் இருக்கையில் உட்கார்ந்து கிளப்பினேன், நாலாவது தடவை பிடித்துக்கொண்டது. அதன் பிறகு எழுந்து கீழே இறங்கினேன். எஞ்சின் நிற்கவில்லை. சீராக ஓடிக்கொண்டே இருந்தது. இருக்கை அமுங்கியபடியே இருந்தது. சைலன்சர், "வயர மாத்திப் போட்டிருப்பே" என்றார். இல்லை என்று காட்ட, இருக்கைக்கும் அடித்தகட்டுக்கும் நடுவில் வலது கையை விட்டுத் தூக்கப் பார்த்தேன். தூக்க முடியவில்லை. உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் இன்னும் கொஞ்சம் வசதியாக உட்கார்ந்துகொள்வது போல இருக்கை என் விரல்மேல் இறங்கியது. கையை உருவி எடுத்தேன். நடுவிரல் நகம் கறுத்துப்போனதை ஆய்வாளரிடம் காட்டினேன். பெட்ரோல் குழாயை மூடியபின்தான் எஞ்சின் நின்றது. சைலன்சர் வீட்டுக்குக் கிளம்பும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் என் ஷெட்டுக்கு வருவதில்லை, போன் செய்தால் முட்டி வலி என்கிறார்.

அதன் பிறகு தனியாக மூன்று தடவை கிளப்பிப் பார்த்தேன். மூன்று தடவையும் அப்படியே ஓடியது. சுவிட்சை வெளியே எடுத்து பல்பு வைத்துச் சோதித்தால் எந்தக் கோளாறும் இல்லை. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த வண்டிக்கு முதுகு காட்டி நிற்க முடியாமல் போனது உண்மை.

சென்ற மாதம் அந்த அம்மாள் போன் செய்து, வண்டியோடு வந்த விளக்கப் புத்தகம் அகப்பட்டது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். போனேன். அவர் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். அந்தப் பக்கம் மட்டும் பழுப்பேறி, ஓரம் மழுங்கி இருந்தது. அப்போதுதான் நடந்ததைச் சொன்னார். அன்று அவர் பள்ளிக்கூடம் போயிருந்தார், மாமியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். மத்தியானம் மாமியார் திரும்பி வந்து பார்த்தபோது கணவர் தோட்டத்து மதிலுக்கும் வண்டிக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தார். பின் சக்கரங்கள் முழங்கை ஆழத்துக்கு மண்ணைப் பறித்திருந்தன. உயிர் பத்து மணிக்கே போய்விட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் எஞ்சின் மத்தியானம் வரைக்கும் ஓடிய சத்தத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். வீட்டில் இருந்தது கணவரின் தம்பி மட்டும். அன்று காலையில்தான் அண்ணனும் தம்பியும் ஒரு ஸ்பேனரை எடுத்த இடத்தில் வைக்காததற்காகக் கடுமையாகச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

"ஆளு இல்லன்னா எஞ்சின் நின்னுடும்னு இந்தப் புஸ்தகத்துல தெளிவா போட்டிருக்குண்ணே. அப்போ அவர் போனதுக்கு அப்புறம் அதுல உக்காந்திருந்தது யாரு?" என்று அந்த அம்மாள் கேட்டார். அவர் கத்தவில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டார்.

அப்போதைய விசாரணையில் டேங்க் காலியாக இருந்ததால் யாரும் வண்டியைக் கிளப்பிப் பார்க்கவில்லை என்றும், சாட்சி இல்லை என்று தம்பியை விட்டுவிட்டார்கள் என்றும் சொன்னார். வீட்டார் விடவில்லை. பெற்ற தாயே கடைசிவரை அவன் முகத்தில் விழிக்காமல் போய்ச் சேர்ந்தார். நான் அங்கே நாற்காலியில் உட்கார்ந்து, அந்த அம்மாள் கொடுத்த காபியைக் குடித்து, புத்தகத்தை வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் இதைவிடக் கேவலமாக நான் நடந்துகொண்டதில்லை.

நேற்று மாலை நான்கு மணிக்கு, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் என் ஷெட் வாசலில் வந்து நின்றார். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் என்றார். வண்டியின் பழைய சொந்தக்காரருக்குத் தம்பி என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். "ஒரே ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க சார். ஆளு இல்லாம இது ஓடுமான்னு நான் கண்ணால பாக்கணும்" என்று கேட்டுக்கொண்டார்.

எனக்கு அப்போது மனதில் நிம்மதி வந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். வண்டி எப்படியும் தானாக ஓடும், அவரே பார்த்துக்கொள்வார், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். இருக்கை அப்போதும் அமுங்கித்தான் இருந்தது. உட்கார்ந்து கிளப்பி, எழுந்து இறங்கினேன். ஸ்பிரிங் டக்கென்று மேலே வந்தது. எஞ்சின் நின்றுவிட்டது. மறுபடி கிளப்பி இறங்கினேன், நின்றது. நான்கு தடவை செய்தேன். நான்கு தடவையும் புத்தகத்தில் போட்டிருந்தபடியே நின்றது.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்போ அண்ணி சொல்றது சரிதான். எனக்கே கொஞ்ச வருஷமா சந்தேகம் சார், நான்தான் உக்காந்திருந்தேனோ, மறந்துட்டேனோன்னு" என்றார். சொல்லிவிட்டு, தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லிச் செருப்பை மாட்டப் போனார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, பலகையில் உட்காரவைத்து, இணைப்பையும் நூலையும் மெழுகையும், நான் அதை வெட்டிப்போட்டதையும் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அடிக்கவில்லை. "நான் உள்ளதான் சார் இருந்தேன். சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அண்ணன் வேலை செய்றாருன்னு இருந்துட்டேன்" என்றார். ஒரு மணி நேரம் போல அந்தச் சத்தத்தைக் கேட்டதாகச் சொன்னார். இன்று காலை இருவரும் சேர்ந்தே இங்கே வந்தோம். அவர் வெளியே பெஞ்சில் இருக்கிறார்.

வெட்டிய இணைப்பு இல்லாதபோது நீ சொல்வதற்கு என்ன ஆதாரம் என்று ஆய்வாளர் கேட்டார். அதே மாதிரி நான் இன்னும் ஆறு வண்டிகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். இருக்கையைக் கழற்றினால் அதே நூல், அதே மெழுகு இருக்கும். நான்கு பேரின் விலாசம் தனித் தாளில் கொடுத்திருக்கிறேன். மற்ற இருவர் யார் என்று எனக்கு நினைவில்லை. அவர்களைத் தேடிப் பிடித்து இன்றைக்கே ஓட்ட வேண்டாம் என்று சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த வாக்குமூலத்தின் நகலை அந்த அம்மாளிடம் ஆய்வாளரே நேரில் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் கையெழுத்துப் போடும் முன் இதை வெளியே இருப்பவருக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். எழுத்தர் முழுவதும் படித்துக் காட்டினார். அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். சத்தம் கேட்டது ஒரு மணி நேரம் அல்ல, ஒன்றே முக்கால் மணி நேரம். அது நின்றதும் அண்ணனிடம் போய்ச் சமாதானமாகப் பேசலாம் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாராம். அந்தத் திருத்தத்தோடு சேர்த்து, மேலே எழுதியிருப்பது எல்லாம் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானே சொன்னது, நான் அறிந்தவரை உண்மை.

(ஒப்பம், இடது கையால்)