மதினி எடுத்த போன்

யோகேஸ்வரி: இன்னொரு தடவ சொல்லுங்க மதினி. போன்ல அந்தப் பொம்பள என்ன கேட்டுச்சு?

ஆனந்தவல்லி: எம்புட்டு தடவட்டி சொல்ல! ராஜபாளையத்துல பஸ் ஏறுனதுல இருந்து இதையே கேக்க. "யோகேஸ்வரி உங்க நாத்தனாரா?"ன்னுச்சு. ஆமான்னேன்.

யோகேஸ்வரி: சரி...

ஆனந்தவல்லி: மாப்பிள்ளை வீட்டுல இருந்து விசாரிக்காகன்னு எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு.

யோகேஸ்வரி: ஐயோ... பொறவு?

ஆனந்தவல்லி: "வேலை பாக்காகளா?"ன்னுச்சு. "பொழுது போகாம போறா. தாலி ஏறுன மறுநாளே விட்டுருவா"ன்னேன்.

யோகேஸ்வரி: மதினீ!

ஆனந்தவல்லி: கத்தாத. கண்டக்டரு திரும்பிப் பாக்காரு.

யோகேஸ்வரி: சம்பளம் கேட்டுச்சா?

ஆனந்தவல்லி: கேக்காம? "அதெல்லாம் பவுடரு வாங்கத்தான் காணும்"னேன். பொண்ணு வீடு அடக்கமா பேசணும்ல.

யோகேஸ்வரி: ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் அனுப்பியிருக்கேன்! பவுடராம் பவுடரு!

ஆனந்தவல்லி: மாப்பிள்ளை வீட்டுக்கு எதுக்குட்டி பேங்க் ஸ்டேட்மென்ட்?

யோகேஸ்வரி: வளைகாப்புக்கு வளையல் எடுத்தாச்சுல்ல மதினி?

ஆனந்தவல்லி: ஏட்டி யோகி...

யோகேஸ்வரி: மெதுவா பேசுங்க. அது மாப்பிள்ளை வீடு இல்ல. விசா ஏஜென்சி. மொரிஷியசுக்கு.

ஆனந்தவல்லி: யாரு போறா?

யோகேஸ்வரி: நாந்தான். ஒரு வருசம். இதே கம்பெனி, இதே லேப்டாப். அங்கன ஒக்காந்து வேலை பாக்கலாம்னு அந்த நாட்டுல விசா குடுக்காக. வீட்டு ஆளு ஒருத்தர் நம்பரு கேட்டாக. உங்க நம்பரக் குடுத்தேன்.

ஆனந்தவல்லி: இங்கன தட்டுற லேப்டாப்ப அங்கன போயித் தட்ட ஒரு விசாவா!

யோகேஸ்வரி: அங்க சன்னலத் தொறந்தா கடல் மதினி. இங்க தொறந்தா எதுத்த வீட்டு மாமா பல்லு வெளக்குறாரு.

ஆனந்தவல்லி: அதுவும் ஒரு மணி நேரம்...

யோகேஸ்வரி: சிரிக்காதீங்க. தை பொறந்தா அப்பா ஜாதகத்த எடுத்துருவாரு. அப்பறம் எங்கிட்டுப் போக? எனக்கு இந்த ஒரு வருசந்தான் இருக்கு. கையில நெலையான வேலை இருக்குன்னு அவங்க நம்பணும். நீங்க மறுநாளே விட்டுருவான்னுட்டீங்க.

ஆனந்தவல்லி: அதோட விட்டா பரவாயில்லையே... "வெளியூர்ல தனியா இருப்பாகளா?"ன்னு வேற கேட்டுச்சு.

யோகேஸ்வரி: என்ன சொன்னீங்க? வேண்டாம், சொல்லாதீங்க. இல்ல, சொல்லுங்க.

ஆனந்தவல்லி: "சங்கரன்கோவிலுக்குப் போகவே தொணைக்கு நாலு பேரு வேணும். பல்லியப் பாத்தா மயங்கிருவா"ன்னேன்.

யோகேஸ்வரி: போச்சு. அம்புட்டும் போச்சு.

ஆனந்தவல்லி: "எதுத்துப் பேச மாட்டா, மீன் கொழம்பு நல்லா வைப்பா"ன்னும்...

யோகேஸ்வரி: நான் இங்கனயே எறங்கப் போறேன்.

ஆனந்தவல்லி: இப்பத்தான மடவார்வளாகம் வருது. வளைகாப்பு வீடு இன்னும் தள்ளி. எறங்கி என்ன செய்வ?

யோகேஸ்வரி: ஏஜென்சிக்குப் போன் போட்டு அழுவேன்.

ஆனந்தவல்லி: அழு. பல்லிக்கு மயங்குற பொண்ணுன்னு உறுதியாயிரும்.

யோகேஸ்வரி: செத்த இருங்க... மெயில் வந்துருக்கு. அவங்கதான்.

ஆனந்தவல்லி: தொறயேன்.

யோகேஸ்வரி: நீங்க தொறங்க. நான் கண்ண மூடிக்கிறேன்.

ஆனந்தவல்லி: எனக்கு இங்கிலீசு என்ன தெரியும்?

யோகேஸ்வரி: பி.காம். முடிச்சுட்டுப் பேசுற பேச்சா மதினி!

ஆனந்தவல்லி: ஞாபகம் வச்சிருக்கியே, பரவாயில்ல. குடு... "அப்ரூவ்டு"ன்னு போட்டுருக்கு.

யோகேஸ்வரி: என்னது?

ஆனந்தவல்லி: கெடச்சிருச்சுட்டி! ஏ... விடு, விடு! மடியில வளையல் இருக்கு, நொறுங்கிரும்!

யோகேஸ்வரி: நொறுங்கட்டும்! வேற வாங்கிருவோம்! ஆனா... நீங்க அம்புட்டு சொன்ன பொறவும் எப்பிடிக் குடுத்தாக?

ஆனந்தவல்லி: எங்க சொன்னேன்? அந்தப் பொம்பள "மொரிஷியஸ் விசா"ன்னுதான் பேச்சையே ஆரம்பிச்சுச்சு. வேலையில கெட்டி, மாசம் பொறந்தா சம்பளம் வந்துரும், ஒரு வருசத்துல திரும்பிருவான்னு சுத்தமாச் சொல்லிட்டேன். எங்கிட்டயே மறைச்சேல்ல, அதான் இம்புட்டு நேரம் வறுத்தேன்.

யோகேஸ்வரி: பாவி மதினி! பவுடரு, பல்லி, மீன் கொழம்பு... இம்புட்டையும் எப்ப ஒக்காந்து யோசிச்சீங்க?

ஆனந்தவல்லி: யோசிக்கவே இல்லட்டி. கல்யாணத்துக்கு முன்னால மதுரையில எனக்கு ஒரு பேங்க் வேலை வந்து, விசாரிக்கப் போன் பண்ணப்ப, மாப்பிள்ளை வீடுன்னு நெனச்சு எங்கம்மா எடுத்துப் பேசுனது. ஒரு வார்த்த மாத்தாம ஒங்கிட்ட சொன்னேன்.