மேல் வரிசை காலி

எனக்கு இதை முதல்ல சொன்னது என் பெரியவன்தாம்மா. உங்க படிப்புல சேர்ந்து முதல் லீவுக்கு வீட்டுக்கு வந்தானே, அப்போ. பையைக்கூட இறக்கி வைக்கல. வாசல்லயே நின்னுக்கிட்டு சொல்றான், அம்மா, ஜனங்க கைதட்டிட்டு எழுந்து போயிட்டா நிகழ்ச்சி முடிஞ்சுதுன்னு நினைக்கிறே இல்ல, அது தப்பு, ஒரு ஆள் ஒவ்வொரு வரிசையா நடந்து பாத்துட்டு காலின்னு சொல்லணும், அப்பத்தான் முடிஞ்சுதுன்னு அர்த்தம்னு. நான் சொன்னேன், சரிப்பா, உன் வயிறு காலியா இருக்கும், முதல்ல அதைக் கவனின்னு.

அதான் எல்லாரும் போனப்புறமும் இங்க உக்காந்திருக்கேன். இல்லம்மா, வழி தெரியாம இல்ல. கால்வலியும் இல்ல. உடம்புக்கு ஒண்ணுமில்ல, நீ பயப்படாதே. மூச்சு வாங்குது பாரு உனக்கு, இப்படி உக்காரு ஒரு நிமிஷம். உன் ஜெர்கின் அதோ அந்தக் கம்பியிலதான் தொங்குது, எங்கேயும் போயிடாது. மேட்ச் நடக்கும்போதே பாத்தேன், யாரோ ஒரு பொண்ணு மறந்துட்டுப் போறாளேன்னு.

டிக்கெட்டா? வாங்கித்தாம்மா வந்தேன். இந்தா. கவுன்டர்ல இருந்த தம்பிகூட சொன்னான், அம்மா, அந்த சீட்டு வேண்டாம், முன்னாடி தூண் மறைக்கும், வேற தரேன்னு. எனக்கு அதுதான் வேணும்னேன். ஒரு மாதிரி பாத்தான். பாவம், அவனுக்கு என்ன தெரியும். என் பெரியவனுக்கு அது ஒரு பழக்கம். எந்த அரங்கமா இருந்தாலும், கதவு திறக்கறதுக்கு முன்னாடி, இருக்கறதுலயே மோசமான சீட்டு எதுன்னு தேடிப் பிடிச்சு அதுல போய் உக்காந்து பாப்பானாம். இங்க உக்கார்றவனும் முழு டிக்கெட் குடுத்துத்தானே வர்றான்னு சொல்லுவான். அதான், அவன் உக்காந்து பாத்த இடமா இருக்கட்டுமேன்னு.

ஆமாம்மா, உங்க காலேஜ்தான். இதே மேனேஜ்மென்ட் படிப்புதான். நீ இன்னைக்கு பரீட்சைன்னு ஓடிக்கிட்டிருக்கே பாரு, மேட்ச், நடுவுல பாட்டு, எல்லாத்தையும் பிள்ளைங்களே சேர்ந்து நடத்தணும், மார்க் போடறவங்க கீழ நின்னு பாத்துக்கிட்டே இருப்பாங்கன்னு, இதெல்லாம் அவனும் பண்ணினதுதான். அதனாலதான் உனக்கு அவசரம்னு எனக்குத் தெரியுது. ரொம்ப நேரம் பிடிச்சு வைக்க மாட்டேன்.

அவன் சேர்றேன்னு சொன்னப்போ எங்க வீட்ல ஒரே சிரிப்பு. அவங்கப்பா பஸ் டிரைவர். அவர் சொல்றார், நான் ஆளை ஏத்தி இறக்கறேன், நீ ஆளை உக்கார வச்சு எழுப்பி விடப் போறே, இதுக்கு எதுக்குடா காலேஜு? நானும்தான் தினம் டிப்போவுல பஸ்ஸை நிறுத்திட்டு, எவனாவது தூங்கறானான்னு கடைசி சீட்டு வரைக்கும் நடந்து பாத்துட்டு இறங்கறேன், எனக்கு எவன் பட்டம் குடுத்தான்? என் நாத்தனார் அதுக்கும் மேல. அப்போ நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு நாற்காலி போட ஆள் கிடைச்சாச்சுன்னு சொன்னா. அவன் கோபப்படவே மாட்டானே. போடுவேன் அத்தை, உங்களை மட்டும் தூணுக்குப் பின்னாடி போடுவேன்னான்.

நான் அவ்வளவா படிச்சவ இல்ல. ஆனா அவன் வந்து சொன்னா உக்காந்து கேப்பேன். கூட்டம் எப்படி நகரும்னு ஒரு பாடமாமே? பாடறவங்க, விளையாடறவங்களோட ஒப்பந்தம் போடறதுக்கு ஒரு பாடம், மழை வந்து நிகழ்ச்சி நின்னு போனா யார் பொறுப்புன்னு ஒரு பாடம். ஒரு தடவை சொன்னான், பக்கத்துலயே கதவு இருந்தாலும் ஜனங்க தான் உள்ள வந்த கதவைத் தேடித்தாம்மா திரும்பிப் போவாங்க, பயந்துட்டா இன்னும் அதிகமா அப்படித்தான்னு. இன்னைக்கும் பாத்தேன், நெசம்தான். எல்லாரும் அந்தப் பக்கமே போய் நெருக்கறாங்க, இந்தப் பக்கம் படிக்கட்டு அப்படியே கிடக்கு.

பேசுது பாரு உன் கையில இருக்கிறது. எடும்மா. என்ன கேக்கறாங்க? வெளிக்கதவை மூடலாமான்னா? ஒரு நிமிஷம்னு சொல்லேன். சொல்லிட்டியா? நல்ல பொண்ணு.

அந்த வாக்கி டாக்கியை அவன் ஒரு தடவை வீட்டுக்கே கொண்டு வந்துட்டான். பழகிப் பாக்கணுமாம். அவன் தங்கச்சியோட பிறந்தநாள் அன்னைக்கு எங்க எல்லாருக்கும் பேர் வச்சான். நான் சமையல்கட்டு. அவங்கப்பா வாசல். சமையல்கட்டு, சமையல்கட்டு, கேக்குதான்னு மாடியில இருந்து கூப்பிடறான். நான் கரண்டியும் கையுமா, எந்தப் பொத்தானை அமுக்கறதுன்னு தெரியாம, இங்க வந்து பேசேண்டா கழுதைன்னு கத்தறேன். அவங்கப்பா இருக்காரே, சிரிக்கவே மாட்டார், வாசல் பேசறேன், அத்தை வர்றாங்க, கையில பரிசு எதுவும் இல்ல, உள்ள விடலாமான்னு கேட்டார் பாரு! சின்னவ விழுந்து விழுந்து சிரிச்சா.

இப்பவும் சில சமயம் நான் அடுப்புப் பக்கம் நிக்கும்போது அது கேக்கும்மா. சமையல்கட்டு, சமையல்கட்டுன்னு. பிரமைதான், எனக்குத் தெரியாதா. ஆனா போன மாசம் ஒரு நாள் எனக்கு அப்படிக் கேட்டுது, நான் ஒண்ணும் சொல்லாம அரிசியைக் களைஞ்சுக்கிட்டிருக்கேன், வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டிருந்த மனுஷன் தானா சொல்றார், வாசல் பேசறேன், கேக்குதுன்னு. நான் திரும்பிப் பாத்தேன். அவர் என்னைப் பாக்கல. அப்படியே வேலைக்குப் போயிட்டார். நாங்க அதைப் பத்தி இன்னும் பேசிக்கல.

அது என்ன சத்தம்? கீழ கேமரா மேடையைக் கழட்டறாங்களா? ம். சரி. இல்லம்மா, ஒண்ணுமில்ல. இரும்பு இரும்போட மோதற சத்தம் எனக்கு ஆகாது. உன் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கட்டுமா? உன் கை சில்லுன்னு இருக்கே.

என்ன கேட்டே? ஆமா, இங்கதான் வேலைக்குச் சேர்ந்தான். இதே அரங்கம். படிச்சு முடிச்ச கையோட கிடைச்சுது. கூட வேலை செய்யற பிள்ளைங்க அவனுக்கு வச்ச பேர் கடைசி. எல்லாரும் இறங்கி டீ குடிச்சுக்கிட்டிருப்பாங்களாம், இவன் மட்டும் மேல ஒவ்வொரு வரிசையா குனிஞ்சு பாத்துக்கிட்டு வருவானாம். கடைசி வந்துட்டானான்னு கேட்டுட்டுத்தான் பூட்டுவாங்களாம். எனக்கு அந்தப் பேர் பிடிக்கல. வேற பேர் வைக்கக் கூடாதான்னு கேட்டேன். அவனுக்கு அதுல ஒரே பெருமை.

அன்னைக்கும் மேட்ச்தான். சாயங்காலம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் ஒரு பெரியவர் கேட்டுல நிக்கறார், மூக்குக் கண்ணாடி மேல் வரிசையில விழுந்துடுச்சு, கண்ணாடி இல்லாம எனக்குப் படி தெரியாதுன்னு. இவன் அவரை ஒரு நாற்காலியில உக்கார வச்சுட்டு, நான் எடுத்துட்டு வரேன் ஐயான்னு மேல வந்திருக்கான். கையில வாக்கி டாக்கி இல்ல. பேட்ரி தீர்ந்துபோய் சார்ஜுல போட்டிருந்தான். ரெண்டு நிமிஷ வேலைதானேன்னு நினைச்சிருப்பான்.

வரிசைக்கு நடுவுல மண்டி போட்டுத் தேடறவன் கீழ இருந்து பாத்தா தெரிவானாம்மா? தெரிய மாட்டான். அடுத்த நாள் வேற நிகழ்ச்சி, எல்லாருக்கும் அவசரம். படிக்கட்டுக்கிட்ட நின்னு யாரோ தலையை நீட்டிப் பாத்தாங்க. மேல் வரிசை காலின்னு சொல்லிட்டாங்க. தப்பான எண்ணத்துல சொல்லல. பாத்தாங்க, ஆள் தெரியல, சொன்னாங்க. காலின்னு கேட்டா அப்புறம் எல்லாம் தன்னால நடக்குமாமே? அந்தப் பிள்ளைங்க கேமரா மேடையைக் கழட்டினாங்க. மேடையோட இந்தப் படி ஓரத்துல அதுக்குப் போட்டிருந்த தடுப்புக் கம்பியும் போச்சு. பெரிய விளக்கை அணைச்சாங்க. இவன் கண்ணாடியை எடுத்துக்கிட்டு, தினம் இறங்கற வழியாவே இறங்கி வந்திருக்கான்.

உன் ஜெர்கின் தொங்குதே, அந்தக் கம்பி அப்போ இல்லம்மா.

அழாதே. நான் அழ வைக்கறதுக்கு சொல்லல. கண்ணாடியைக் கைக்குட்டையில சுத்தி சட்டைப்பையில பத்திரமா வச்சிருந்தான். அதுல ஒரு கீறல்கூட விழல. அந்தப் பெரியவர் வீட்டுக்கு வந்து அதைப் போட்டுக்க மாட்டேன்னு அழுதார். நான்தான் போட்டு விட்டேன். அவன் எடுத்துக் குடுத்ததுய்யா, போட்டுக்கங்கன்னு.

சொன்னது யாருன்னு தெரியாது. விசாரிச்சாங்க. எல்லாரும் ஒரே மாதிரி சட்டை, எல்லாரும் வாக்கி டாக்கியில ஒரே அலைவரிசை, நான் இல்ல நான் இல்லன்னாங்க. நான் கேட்டுத் தெரிஞ்சுக்கல. காலையில பிரார்த்தனைக்கு உக்காரும்போது என் பிள்ளை பேரைச் சொல்லிட்டு, அந்தப் பிள்ளையையும் காப்பாத்து ஆண்டவனேன்னு சேர்த்துத்தான் சொல்றேன். அதுவும் எங்கேயோ தூங்காம கிடக்கும் இல்ல? எனக்குப் பேர் தெரியாட்டி என்ன, ஆண்டவனுக்குத் தெரியும். ஆனா மேல் வரிசையைப் பாத்து அன்னைக்குச் சொன்ன அந்த வார்த்தை மட்டும் என் வாயில வர்றதில்ல. சிலிண்டர் தீர்ந்துடுச்சுன்னு சொல்லுவேன். டப்பாவுல சர்க்கரை இல்லைன்னு சொல்லுவேன். அந்தக் கதையைச் சொல்றப்போதான், உனக்காக, இப்போ சொன்னேன். அவங்கப்பா டிப்போவுல பஸ்ஸை இப்பல்லாம் நடந்து பாத்துட்டு, இறங்கி, மறுபடியும் ஏறிப் பாக்கறாராம். கண்டக்டர் வந்து சொன்னார்.

அதுக்கப்புறம் நான் இந்த அரங்கத்துல கால் வச்சதில்ல. இன்னைக்கு ஏன் வந்தேன்னா, சின்னவளும் இதையே படிக்கறா. ஆமா, உங்க செட்டுதான். தலைமுடியை ஒட்ட வெட்டிக்கிட்டு, கீழ விளையாட்டுக்காரங்க அறைப் பக்கம் நிக்கறாளே, அவதான். ஐயோ, சொல்லிடாதே, நான் வந்தது அவளுக்குத் தெரியாது. வேண்டாம்டின்னு எவ்வளவோ சொன்னேன். அவங்கப்பா ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சுட்டு எழுந்து போனார். அவ ஒரே வார்த்தை சொன்னா. அண்ணன் பாக்கறதுக்கு மேல போனான், அண்ணனைப் பாக்க யாரும் போகல, நான் போவேன்னா.

அடுத்த மாசத்துல இருந்து மேல் வரிசை அவ பொறுப்பாமே. நேத்து சந்தோஷமா சொன்னா. நான் தலையை ஆட்டினேன். அப்புறம் போய் சாமி முன்னாடி உக்காந்தேன், மனசு நிக்கல. ஒரு தடவை போய்ப் பாத்துட்டா நிம்மதியா இருக்கும்னு தோணிச்சு. இப்போ எப்படிப் பாக்கறாங்க, ஒழுங்கா நடந்து வர்றாங்களான்னு. வந்து உக்காந்தேன். ஜனங்க போனாங்க. நான் காத்துக்கிட்டிருந்தேன். யாராவது வரிசை வரிசையா வருவாங்க, அம்மா எழுந்திரிங்கன்னு சொல்லுவாங்க, எழுந்து வீட்டுக்குப் போயிடலாம்னு.

நீ படிக்கட்டுக்கிட்ட வந்தே. தலையை நீட்டிப் பாத்தே. இந்தத் தூண் என்னை மறைச்சுடுச்சு. நீ சொன்னது எனக்கு நல்லா கேட்டுது கண்ணு.

தெரியும்மா. வேணும்னு இல்ல. நேரம் ஆயிடுச்சு, மார்க் போடறவங்க நிக்கறாங்க, எனக்குப் புரியுது. ஆனா இப்போ நீ திரும்பி வந்தது ஜெர்கினைத் தேடித்தானே? என்னைத் தேடி இல்லையே.

மார்க் குறைஞ்சா குறையட்டும். நான் கீழ வந்து உங்க வாத்தியார்கிட்ட சொல்றேன், இந்தப் பொண்ணு தானே திரும்பி வந்து என்னைக் கண்டுபிடிச்சுட்டான்னு. அது பொய்யும் இல்ல. அப்புறம் நாம ரெண்டு பேரும் ஒவ்வொரு வரிசையா நடந்தே இறங்குவோம், என்னால முடியும். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. அந்தப் பொத்தானை அமுக்கி, மேல் வரிசையில இன்னும் ஒரு ஆள் இருக்காங்கன்னு சொல்லும்மா.