சில்வண்டு கத்தவில்லை

மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்ளக்கூட இப்போதெல்லாம் போனைத்தான் பார்க்கிறார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் தெரியும். நீட்ட மாட்டார்கள். நீங்களும் என் பேச்சைப் போனில்தான் பிடிக்கிறீர்கள். பிடியுங்கள், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

நான் தங்கவேல். அடையாறு பக்கத்து அடுக்குமாடிகளில் கழிவுத்தொட்டி சுத்தம் செய்கிறவர்களுக்கு மேஸ்திரி. படிப்பு கிடையாது. மூடியைத் திறப்பேன். கரப்பான்கள் குடுகுடுவென்று ஓடி வந்தால் உள்ளே நல்ல காற்று. ‘எறங்குடா’ என்பேன், இறங்குவார்கள். என் தங்கச்சி மகன் பாலுவும் அப்படி என் வாயைப் பார்த்து இறங்கியவன்தான்.

அப்புறம் லிசா வந்தாள். சாந்தோம் பெண், ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி செய்திருந்தாள். உள்ளே லேசராம். சல்லடை வழியாகப் போகிற காற்றில் விஷவாயு இருந்தால் கிறீச்சென்று கத்தும். பையன்கள் அதற்குச் சில்வண்டு என்று பேர் வைத்தார்கள். சோதித்துப் பார்க்க பாலுவின் சட்டையில் மாட்டிவிட்டாள்.

“கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், தாத்தா” என்றாள்.

“தெரியாதத எப்பிடிம்மா நம்புறது?” என்றேன். சிரித்தாள். நல்ல பெண்தான்.

காந்தி நகரில் ஒரு தொட்டி. கரப்பான்கள் ஓடி வந்தன. சில்வண்டு கத்தியது. பாலு காலை வெளியே எடுத்துக்கொண்டான்.

“நான் பாத்துக்கினுதானே கீறேன் நைனா, எறங்கு.”

“உன் கரப்பான எறக்கு மாமா. என் பாஞ்சாலி வயித்துல புள்ள கீது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் ஒருத்தனும் என் வாயைப் பார்க்கவில்லை, அவன் சட்டையைத்தான் பார்த்தார்கள்.

அந்தப் பெட்டி சும்மா கத்துகிறது என்று காட்ட ஒரு வழிதான் இருந்தது. அதன் வாயை மூட வேண்டும். பாலு இறங்கி, நல்லபடியாக ஏறி வர வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அடுத்த தொட்டியில் அவன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனான். குழாய் ஒழுக்குக்கு வைத்திருந்த எம்-சீலை உருட்டி, பெட்டியின் அடியில் இருந்த சல்லடையில் அப்பினேன். பெட்டி வேலை செய்கிறது என்று காட்டுகிற பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. பிறகு மூடியைத் திறந்தேன். ஒரு கரப்பான்கூட வரவில்லை. பகலில் தூங்குகிற ஜீவன்தானே என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

“இன்னா மாமா, சில்வண்டு உன் கட்சில சேந்துடுச்சா?” என்று சிரித்துக்கொண்டே சட்டையைப் போட்டுக்கொண்டு பாலு இறங்கினான்.

கயிறு கட்டி இழுத்தபோது உடம்புதான் வந்தது.

லிசா ஓடி வந்தாள். பெட்டியைத் திருப்பி நகத்தால் சுரண்டினாள். எம்-சீல் கல்லாகியிருந்தது. என்னைப் பார்த்தாள். பாஞ்சாலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்து கேட்டாள்: “அது கத்தலியா மாமா?”

“கத்தலம்மா” என்றேன். அதில் பொய் இல்லை.

ஆமாம், அடைத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். ஆனால் அவர்களை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது எனக்கு ஒன்றுதான் தோன்றியது, இப்போதும் அதுதான் தோன்றுகிறது. அவ்வளவு படித்தவள் செய்த பெட்டி, ஒருத்தன் உயிர் போகிற நேரத்தில் வாயே திறக்கவில்லை. அதைப் போய் எப்படி ஐயா நம்புவது?